பழைய ஜார்ஜ்டவுனில் புதிதாகக் கடை திறக்க நினைப்பவருக்கு

மலேசியாவின் பினாங்கு தீவுக்கு எதிர்க்கரையில் உள்ள பட்டர்வொர்த்தில் வசிக்கும் ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: தீவின் தலைநகரான ஜார்ஜ்டவுனின் பழைய நகரில் தெருவுக்குத் தெரு புதிய உணவகங்களும் சிறு கடைகளும் முளைத்து வருகின்றன, தானும் தம்பியும் லிட்டில் இந்தியாவை ஒட்டி கீழே கடையும் மேலே வீடுமாக அமைந்த பழைய கடைவீடு ஒன்றின் கீழ்த்தளத்தை எடுத்து, விடியற்காலையிலிருந்து பிற்பகல் வரை நடக்கும் சைவப் பலகாரக் கடை ஒன்றைத் தொடங்க எண்ணியிருக்கிறார்கள், இந்தச் சுறுசுறுப்பு நிலைக்கக்கூடியதுதானா, எதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்?

பழைய நகரின் சிறு கடைகள் சிலவற்றுக்கு நெடுநாளாகக் கணக்கு எழுதிவருபவன் என்ற முறையில் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நகரம் மீண்டு வருவது உண்மை; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தெரு செழிப்பதால் மட்டும் அத்தெருவில் இருக்கும் கடை நிலைத்துவிடுவதில்லை. தெரு செழிக்கச் செழிக்க வாடகை ஏறும். ஏறும் வாடகையைத் தாங்க முடியாமல் முதலில் வெளியேறுவது பெரும்பாலும் அத்தெருவுக்கு உயிரூட்டிய சிறு கடைதான். ஆகவே உங்கள் கடையின் ஆயுளைத் தீர்மானிக்கப்போவது தோசையின் சுவையைக் காட்டிலும் நீங்கள் கையெழுத்திடும் வாடகை ஒப்பந்தமே என்பது என் உறுதியான எண்ணம். சுவை வேண்டாம் என்று சொல்லவில்லை. சுவையாகச் சமைத்தும் மூடப்பட்ட கடைகளின் கணக்கேடுகளைப் பார்த்திருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

இது ஏன் இப்படி ஆனது என்பதைப் புரிந்துகொள்ளச் சற்றே பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1969-ஆம் ஆண்டு பினாங்கு தீவு தன் தீர்வையற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. அதை நம்பியிருந்த லெபோ பந்தாய் (லெபோ என்றால் தெரு) வட்டாரத்து மொத்த வணிகம் தளர்ந்தது. 1970-களில் சரக்குக் கப்பல் வேலை பட்டர்வொர்த் பக்கம் நகர்ந்தது. 1972-இல் பாயான் லெப்பாஸில் தொடங்கிய தொழிற்பேட்டை இளைஞர்களைத் தெற்கே இழுத்துக்கொண்டது. அப்படியிருந்தும் பழைய கடைவீடுகளில் குடும்பங்கள் தொடர்ந்து வாழ்ந்ததற்குக் காரணம், 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1948 ஜனவரி 31-க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களின் வாடகையை அச்சட்டம் உயர விடாமல் கட்டிவைத்திருந்தது. வாடகை சொற்பமாக இருந்ததால் உரிமையாளர்கள் கூரையைக்கூடப் பழுதுபார்க்கவில்லை; ஆனால் தையற்காரர், பொற்கொல்லர், சொங்கோக் தொப்பி தைக்கும் தமிழ் முஸ்லிம் கைவினைஞர், பிரம்பு முடைபவர் எனச் சிறு தொழில் செய்வோர் பலர் நகரத்திலேயே தங்க முடிந்தது. 1997-இல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் நிறைவேறி, 1999 இறுதியோடு மாற்றக் காலமும் முடிந்தபோது வாடகைகள் பல மடங்காயின. பல குடும்பங்கள் புறநகர் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. மேல்மாடிகள் இருண்டன.

2008 ஜூலை 7 அன்று மலாக்காவுடன் சேர்த்து ஜார்ஜ்டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது அதன் பிறகுதான். நடுப்பகுதியும் அதைச் சுற்றிய காப்புப் பகுதியுமாக ஏறத்தாழ 259 ஹெக்டேர் நிலம் அந்த எல்லைக்குள் வருகிறது. மறு ஆண்டு திங்க் சிட்டி நிறுவனம் தோன்றி, பழைய கட்டடங்களைச் சீரமைக்க உரிமையாளர்களுக்கு மானியம் வழங்கத் தொடங்கியது. 2012-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சக்கரேவிச் சுவர்களில் தீட்டிய ஓவியங்கள் லெபோ ஆர்மேனியனுக்குக் கூட்டத்தைக் கொண்டுவந்தன. ஜாலான் குர்துவாராவில் கைவிடப்பட்டிருந்த பேருந்துப் பணிமனை 2014-இல் ஹின் பஸ் டெப்போ என்ற கலைக்கூடமாகி, ஞாயிறு சந்தையின் வழியே பல சிறு வணிகர்களுக்கு முதல் மேசையைக் கொடுத்தது. 2022 டிசம்பரில் உணவகங்களைத் தரம்பிரிக்கும் மிச்லின் வழிகாட்டி முதன்முறையாகப் பினாங்கையும் சேர்த்துக்கொண்டபோது, அது நட்சத்திரம் அளித்த இரு பினாங்கு உணவகங்களில் ஒன்று, லெபோ பிஷப்பில் ஞோஞா எனப்படும் சீன-மலாய்க் கலப்பு உணவு சமைக்கும் வீட்டுச் சமையல் மரபுக் கடை.

இந்த வரலாற்றில் உங்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. உங்களிடம் பேச வரும் உரிமையாளரின் குடும்பம், முப்பது ஆண்டுகளுக்கும் மேல் தன் சொத்தின் வாடகையைத் தானே நிர்ணயிக்க முடியாமல் இருந்த குடும்பமாக இருக்கலாம். நீண்ட காலத்துக்கு வாடகையை நிலைநிறுத்திக் கேட்டால் அவர்கள் தயங்குவது அந்த நினைவினால்தான். உங்கள்மேல் நம்பிக்கையில்லாமல் அல்ல. இதை அறிந்து பேசினால் பேச்சு எளிதாகும்.

ஒப்பந்தத்துக்கு வருவோம். இங்கே வழக்கமாகத் தருவது மூன்று ஆண்டு ஒப்பந்தமும், விரும்பினால் மேலும் மூன்று ஆண்டு நீட்டிக்கும் உரிமையும். பலர் அந்த இரண்டாவது மூன்றைப் பார்த்து, ஆறு ஆண்டு கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்து அலங்காரத்தில் பணத்தைக் கொட்டுகிறார்கள். ஆனால் நீட்டிக்கும்போது வாடகை அன்றைய சந்தை நிலவரப்படி இருக்கும் என்று ஒரு வரி இருந்தால், அந்த உரிமையால் உங்களுக்குக் கிடைப்பது மிகச் சொற்பம். சந்தை நிலவரம் என்ன என்பதை அடுத்த கடைக்காரர் கொடுக்க முன்வரும் தொகையே சொல்லிவிடும். ஏற்றத்துக்கு உச்சவரம்பு ஒன்றைச் சதவீதத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கு ஈடாக முதல் மூன்று ஆண்டுகளுக்குச் சற்றுக் கூடுதல் வாடகை கேட்டாலும் கொடுக்கலாம் என்பேன்.

இதைவிடப் பெரிய ஆபத்து, பலரும் அறியாதது, கட்டடம் விற்கப்படுவது. தேசிய நிலச் சட்டத் தொகுப்பின்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். மூன்று ஆண்டோ அதற்குக் குறைவோ என்றால் பதிவு தேவையில்லை; ஆனால் அந்த வாடகை உரிமையை நில உரிமைப் பத்திரத்தில் குறிப்பாக ஏற்றவில்லையென்றால், நாளை கட்டடத்தை வாங்குபவரை அது கட்டுப்படுத்தாது. வாங்கியவர் வெளியேறச் சொன்னால், முன்னாள் உரிமையாளரிடம் இழப்பீடு கேட்டு வழக்காடலாமே தவிர, அடுப்பை அதே இடத்தில் வைத்துக்கொள்ள முடியாது. பழைய நகரின் கட்டடங்கள் கைமாறிக்கொண்டே இருக்கும் இக்காலத்தில் இது எட்டாத அச்சமன்று. அந்தக் குறிப்பை ஏற்றுவதற்கு மூலப் பத்திரம் தேவை. அது உரிமையாளரிடமோ அவருக்குக் கடன் கொடுத்த வங்கியிடமோ இருக்கும். ஆதலால் அவரது ஒத்துழைப்பைக் கையெழுத்துக்கு முன்பே ஒப்பந்தத்தில் சேர்த்துவிட வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது. ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வையும் செலுத்திவிடுங்கள். முத்திரையிடாத தாளை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

உங்களோடு பேசுபவர் உண்மையில் உரிமையாளர்தானா, அல்லது கட்டடம் முழுவதையும் வாடகைக்கு எடுத்து அறை அறையாக உள்வாடகைக்கு விடுபவரா என்பதையும் நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தித் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கட்டடங்கள் கோயில், பள்ளிவாசல், சீனக் குலச் சங்கம் போன்றவற்றின் அறக்கொடைச் சொத்துகள். என்னைக் கேட்டால் அத்தகைய இடம் கிடைத்தால் அதையே எடுங்கள் என்பேன். அறக்கட்டளைகள் எளிதில் விற்பதில்லை. குடியிருப்போரும் பழைய தொழில்களும் தொடர வேண்டும் என்ற அக்கறையும் அவற்றுள் சிலவற்றுக்கு உண்டு. கையெழுத்திடுபவருக்கு அறங்காவலர் குழுவின் அதிகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் சரிபார்த்துவிடுங்கள்.

அடுத்தது இடம். பழைய நகரம் ஒரே சந்தை என்று நினைப்பது தவறு. லெபோ ஆர்மேனியனில் முற்பகலுக்குப் பிறகுதான் கூட்டம் திரளும். அங்கே வருபவர் ஓவியத்தைப் பார்த்து, குளிர்பானம் ஒன்றை அருந்திவிட்டுப் போகிறவர், மறுநாள் வரமாட்டார். லெபோ கிம்பர்லியும் லெபோ சூலியாவும் இரவு அங்காடிகளால் வாழ்பவை. லெபோ பந்தாயில் வங்கிகள், லெபோ லைட்டில் நீதிமன்றம், அவற்றைச் சுற்றிய தெருக்களில் வழக்கறிஞர் அலுவலகங்கள். இவர்கள் வாரத்தில் ஐந்து நாளும் காலையில் பசியாற வருபவர்கள், மாதம் முழுவதும் அதே முகங்கள். லெபோ பாசார், லெபோ பினாங், லெபோ குவின், லெபோ கிங் ஆகியவை சேர்ந்த லிட்டில் இந்தியாவுக்கு வேறொரு நாடித்துடிப்பு: 1833-இல் எழுந்த மகா மாரியம்மன் கோயிலுக்கு வருவோர், துணியும் நகையும் மளிகையும் வாங்கத் தீவின் மறுபக்கத்திலிருந்தும் கடல் கடந்தும் வரும் குடும்பங்கள், ஸ்வெட்டன்ஹாம் துறையில் சொகுசுக் கப்பல் கட்டிய நாளில் இறங்கி நடந்து வரும் பயணிகள். தீபாவளிக்கு முந்திய வாரங்களில் கடைவீடுகளின் முன்னால் கூரையிட்ட நடைபாதையான அஞ்சடியில் நடக்க இடமிராது. தைப்பூசத்தை ஒட்டி லெபோ பினாங்கின் கோவில் வீட்டிலிருந்து வெள்ளி ரதம் புறப்படும் நாளும் அப்படித்தான். அந்த நாட்களின் விற்பனையை வைத்து ஆண்டுக் கணக்கைப் போட்டுவிடாதீர்கள். மழை தூறும் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த அஞ்சடியில் நின்று எத்தனை பேர் நடந்து போகிறார்கள் என்று பாருங்கள். அதுவே உங்கள் கடையின் அடிப்படை வருமானம்.

நீங்கள் எண்ணியிருக்கும் பலகாரக் கடைக்கு நான் தெரிவு செய்யக்கூடிய இடம் லிட்டில் இந்தியாவின் நடுவிலும் இல்லை, ஓவியத் தெருவிலும் இல்லை. அலுவலகத் தெருக்களும் லிட்டில் இந்தியாவும் சந்திக்கும் விளிம்புப் பகுதியே அதற்குப் பொருத்தம். காலையில் அலுவலகத்தார், முற்பகலில் கோயிலுக்கும் கடைக்கும் வருவோர் என இரண்டு வகையினர் இரண்டு வேளையில் கிடைப்பார்கள்.

சைவ உணவைப் பற்றி ஒரு வார்த்தை. புரட்டாசிச் சனிக்கிழமைகளும் நவராத்திரியும் நம்மவர்களை அழைத்து வரும். அது உங்களுக்கே தெரியும். ஆனால் சீனச் சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் பினாங்குச் சீனர்களில் கணிசமானோர் சைவம் உண்பார்கள். ஒன்பதாம் சந்திர மாதத்தில் ஒன்பது பேரரசர் தெய்வங்களின் திருவிழாவின்போது ஒன்பது நாளும் மரக்கறி உணவே உண்ணும் வழக்கம் இத்தீவில் ஆழமாக ஊன்றியது. அவர்களுள் பலர் வெங்காயமும் பூண்டும் சேர்க்க மாட்டார்கள். அந்நாட்களில் வெங்காயம், பூண்டு இல்லாத சாம்பார் ஒரு பானை தனியாக வைத்து, அதைச் சீனத்திலும் மலாயிலும் எழுதி வாசலில் வைத்தால், புதிதாக ஒரு வாடிக்கையாளர் கூட்டமே உருவாகும். இதைச் செய்யும் தமிழ்க் கடைகள் குறைவு. எனக்கு அது வருத்தமாகவே இருக்கிறது.

கட்டடத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் முதலீடு கரைவது இங்கேதான். பழைய கடைவீடு முகப்பில் குறுகி, உள்ளே நீண்டு போகும். நடுமுற்றம்தான் அதன் மூச்சு. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்ட அச்சுவர்கள் நிலத்து ஈரத்தை உறிஞ்சிக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும் இயல்பு உடையவை. நான் கணக்கு எழுதிய ஒரு கடையில், குளிர்சாதனத்துக்காக நடுமுற்றத்தைக் கண்ணாடியிட்டு மூடினார்கள். சுவர்களுக்குச் சிமெண்டு பூசி, கழுவ வசதியாக இருக்கட்டும் என்று பளபளப்பான பெயிண்டும் அடித்தார்கள். சில மாதங்களில் முழங்கால் உயரத்துக்குப் பெயிண்டு கொப்புளித்தது. விரலால் அழுத்தினால் உள்ளிருந்து உப்புப் பொடி உதிர்ந்தது. வெளியேற வழியில்லாத ஓதம் சுவருக்குள்ளேயே மேலேறி, மாடியைத் தாங்கும் உத்தரத்தின் முனையை நனைத்துவிட்டது. அரிசி மூட்டை வைத்திருந்த மூலையில் பூஞ்சை. சுரண்டி எடுத்து மீண்டும் சுண்ணாம்பு பூசியதற்கு ஆன செலவு, முதலில் செய்த அலங்காரச் செலவுக்குக் குறைவாக இல்லை. அதனால் சுவரைத் தொடுவதற்கு முன்பே பழைய கட்டட வேலை தெரிந்த கொத்தனாரை அழைத்துக் காட்டுங்கள். சமையலறையில் கழுவ வேண்டிய பரப்புக்கு, சுவரை விட்டுச் சற்று விலகி நிற்கும் எவர்சில்வர் தகடு போதும்.

புகைபோக்கியையும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவர் உங்கள் சுவரும்கூட. தாளிப்பு நெடி அவர்கள் மாடிக்குள் போனால் புகார் வரும். முகப்பிலும் கூரையிலும் எந்த மாற்றமும் பினாங்கு மாநகராண்மைக் கழகத்தின் அனுமதியின்றிச் செய்யக்கூடாது. குழாயைப் பின்சந்தின் பக்கம் கொண்டுபோக இடமுண்டா என்று கேட்டுவிட்டே இடத்தை எடுங்கள். கூரை ஒழுகினால் யார் செலவு, வெளியேறும்போது எதை எல்லாம் பழைய நிலைக்குத் திருப்ப வேண்டும் என்ற இரண்டையும் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதுங்கள். மேல்மாடி மரத்தளமானால் அங்கே எண்ணெய் டின்களையும் எரிவாயுத் தோம்புகளையும் வைக்கும் எண்ணமே வேண்டாம்.

உரிமங்களில் மறைபொருள் ஏதுமில்லை, பொறுமை வேண்டும், அவ்வளவே. மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு, மாநகராண்மைக் கழகத்தின் வணிக உரிமமும் பெயர்ப்பலகை உரிமமும், சுகாதார அமைச்சில் உணவு வளாகப் பதிவு, உணவு கையாளும் ஒவ்வொருவருக்கும் பயிற்சிச் சான்றிதழும் டைபாய்டு தடுப்பூசியும், கழுவுநீரிலிருந்து எண்ணெயைப் பிரித்து நிறுத்தும் தொட்டி. பெயர்ப்பலகையில் தமிழ் அழகாக இருக்கலாம். மலாய்மொழி முதன்மையாக இருக்க வேண்டும். அந்த இடம் இதற்கு முன் உணவகமாக இல்லாதிருந்தால், பயன்பாட்டை மாற்ற ஒப்புதல் கிடைக்குமா என்பதை வைப்புத்தொகை கட்டும் முன் விசாரித்துவிடுங்கள்.

இனி ஓர் எளிய கணக்கு. எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்டவை. வாடகை மாதம் 4,500 ரிங்கிட், கடை திறப்பது 26 நாள் என்றால் நாளுக்கு 173 ரிங்கிட். ஒருவர் சராசரியாக 9 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டு, பொருட்செலவு போக 5 ரிங்கிட் மிஞ்சுகிறது என்று கொண்டால், வாடகைக்கு மட்டும் நாள்தோறும் 35 பேர் வர வேண்டும். குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். ஊழியர் சேமநிதிக்கு முதலாளி செலுத்தும் 13 விழுக்காட்டைச் சேர்த்தால் ஒருவருக்கு 1,921. இரண்டு பேருக்கு நாளுக்கு ஏறத்தாழ 148 ரிங்கிட். அதற்கு இன்னும் 30 பேர். ஆக, மின்சாரமும் எரிவாயுவும் உங்கள் இருவரின் உழைப்பும் கணக்கில் வருவதற்கு முன்பே 65 பேர். காலைப் பலகாரக் கடைக்கு இது எட்டக்கூடிய எண்தான். அதே வாடகையைக் காப்பியையும் கேக்கையும் நம்பிப் பிற்பகலில் மட்டும் கூட்டம் காணும் கடை கொடுக்கும்போது, வெள்ளி முதல் ஞாயிறு வரை சம்பாதித்து மற்ற நாட்களுக்குத் தீனி போட வேண்டியிருக்கிறது. புதிய கடைகள் பலவற்றின் முதல் ஒப்பந்தம் முடியும்போதே பெயர்ப்பலகையும் மாறிவிடுவதற்கு இதுவே காரணம் என்பது என் கணிப்பு.

ஆள் கிடைப்பது கடினம். வெளிநாட்டுத் தொழிலாளர் அனுமதியை நம்பித் திட்டமிட வேண்டாம். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. மாவாட்டுவதும் தோசைக்கல்லில் நிற்பதும் உங்கள் இருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். சமையல்காரர் ஒருநாள் வராவிட்டால் கடை மூடும் நிலை இருந்தால், அந்தக் கடையைத் தொடங்காமல் இருப்பதே நல்லது.

கடன் வேண்டுமானால் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே அரசுக் கடன் நிறுவனமான தெக்குன் நேஷனலின் ஸ்புமி திட்டம் இருக்கிறது. பெண்களுக்குச் சிறுகடன் நிறுவனமான அமானா இக்தியார் வழங்கும் ‘பெண்’ என்ற திட்டமும் உண்டு. அந்தப் பணத்தை மாவாட்டும் இயந்திரம், அடுப்பு, குளிர்பதனப் பெட்டி என நாளை வேறிடம் போனாலும் கூடவே எடுத்துச் செல்லக்கூடியவற்றில் போடுங்கள். சுவரிலும் தரையிலும் பதிக்கும் பணம் ஒப்பந்தம் முடியும் நாளில் உரிமையாளருக்கே போய்ச் சேரும்.

இப்போது உங்களிடம் பேசிக்கொண்டிருக்கும் உரிமையாளர் வாடகை ஏற்றத்துக்கு உச்சவரம்பும் பத்திரத்தில் குறிப்பேற்றமும் தர மறுத்தால், அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பழைய நகரில் பூட்டிக் கிடக்கும் கடைவீடுகளுக்குப் பஞ்சமில்லை. அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். அலுவலகத் தெருக்களில் உள்ள சீனக் கோப்பிக்கடைகள் சிலவற்றில் ஒரு அங்காடி இடம் மாத வாடகைக்குக் கிடைக்கும். மேசை, நாற்காலி, பானம், பாத்திரம் கழுவும் இடம் எல்லாம் கடைக்காரருடையவை, உங்களுக்கு வேண்டியது ஒரு தோசைக்கல்லும் இட்லிக் கொப்பரையும்தான். ஒரு தீபாவளி தொடங்கி அடுத்த தீபாவளி வரை அங்கே நடத்திப் பாருங்கள். யார் எந்நாளில் வருகிறார்கள், எது மீந்துபோகிறது, எந்த மாதம் வாடுகிறது என்ற கணக்கேடு அப்போது உங்கள் கையில் இருக்கும். அதை முன்னால் வைத்துக்கொண்டு பேசினால் அடுத்த உரிமையாளரும் உங்களை வேறு மாதிரி மதிப்பார்.